புள்ளைங்க கண்ணுக்குத் தெரியாதவன்

வெள்ளியங்கிரி ஜெயில்ல இருந்து திரும்பி வந்த அன்னிக்கு எங்க காலனியே அவனைப் பார்த்துச்சு, புள்ளைங்க மட்டும் பார்க்கல. மினிபஸ்ஸுல இருந்து ஒரு மஞ்சப்பையோட எறங்குனான், முடியெல்லாம் நரைச்சு, கன்னம் ஒட்டிப் போயி, தண்ணித் தொட்டிகிட்ட செத்த நின்னு மூச்சு வாங்கிட்டு, பூட்டிக் கெடந்த அவங்கம்மா ஊட்டைப் பார்த்து நடந்தான். கொழாயடில இருந்த பொம்பளைங்க நாங்க கொடத்தை அப்படியே போட்டுட்டு எந்திரிச்சோம். என்ற புள்ள கனிஷ்கா, அப்ப அவளுக்கு ஆறு வயசு, குச்சி ஐஸைச் சப்பிக்கிட்டு நேரா அவன் மேலயே போனா. நான் கத்தறதுக்குள்ள அவன்தான் பதறி ஒதுங்குனான். அவ தோள்பட்டை அவன் பை மேல பட்டுச்சு, திரும்பிப் பார்த்தா, வெறும் செவுத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தா, "அம்மா, என்னமோ இடிச்சுதுமா"ன்னா, மறுபடியும் ஐஸைச் சப்ப ஆரம்பிச்சுட்டா.

எங்களுது வேலாத்தா காலனி, திருச்செங்கோட்டுக்கும் பள்ளிபாளையத்துக்கும் நடுவுல. ஊட்டுக்கு ஊடு தறி. பொறக்கற புள்ள தறிச் சத்தத்துலதான் தூங்கும், கரண்ட் போயிருச்சுன்னா முழிச்சுக்கிட்டு அழுகும். ஆம்பளைங்க பாதிப்பேரு போர்வெல் வண்டியில வடக்க போயிருவாங்க, என்ற ஊட்டுக்காரரும் அப்படித்தான், ராஜஸ்தான்ல எவன் காட்டுலயோ பூமியைத் தொளைச்சுக்கிட்டு இருந்தாரு. தறி ஓட்டறதெல்லாம் பொம்பளைங்க நாங்கதான், ஒரு வாரம் பகல்ல, ஒரு வாரம் பொழுதோட போயி விடியறப்ப வருவோம், அதனால எங்க புள்ளைங்க வீதியிலதான் வளரும். அந்த வீதியிலதான் வெள்ளியங்கிரி ரொம்ப வருசம் முந்தி பக்கத்து ஊட்டு ஏழு வயசுப் புள்ளைய நாசம் பண்ணுனான். அதை நான் சுத்தி வளைச்சுச் சொல்லப் போறதில்லீங்க. அந்தக் குடும்பம் சட்டி பானையைக் கூட எடுக்காம ஊரை விட்டுப் போயிருச்சு, எங்க இருக்காங்கன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. இவன் ஜெயிலுக்குப் போனான். நன்னடத்தைன்னு முன்னாலயே விட்டுட்டாங்க, தெனமும் பொழுதோட ஸ்டேஷனுக்குப் போயிக் கையெழுத்துப் போடோணும்னு மட்டும் சொல்லி அனுப்பிட்டாங்க. அவனுக்குப் போக்கிடம்னு இருந்தது அந்த ஒரு ஊடுதான், வந்துட்டான்.

ரெண்டு நாள்ல எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, புள்ளைங்க ஒருத்தர் கண்ணுக்கும் அவன் தெரியறதில்லைன்னு. பந்து அவன் காலுக்குக் கீழ உருண்டு போச்சுன்னா புள்ள பந்தைப் பார்க்கும், அவனைப் பார்க்காது. "அங்க யாரு நிக்கறாங்க சொல்லு"ன்னு கேட்டா, "வேப்பமரம்"னு சொல்லும். மாரியாத்தா புள்ளைங்க கண்ணுக்குத் தெரை போட்டுட்டான்னு சொன்னாங்க சில பேரு, பாவம் பண்ணுனவனுக்குக் கெடைச்ச சாபம்னு சொன்னாங்க சில பேரு, ஏன் எதுக்குன்னு கொஞ்ச நாள் பேசிட்டு விட்டுட்டோம், தறி ஓட்டற பொழப்புல எவ்வளவு நேரம் பேச முடியும். ஸ்டேஷன்ல இருந்து எஸ்.ஐ. வந்தாரு. "கண்ணுக்குத் தெரியலைன்னா நல்லதுதானம்மா, புள்ளைங்க பயப்படாது"ன்னாரு. எனக்கு அந்தாளைப் புடிச்சு நாலு கேள்வி கேக்கோணும்னு வாய் துடிச்சுது. நாய் வந்தா புள்ள ஓடும், பாம்பைக் கண்டா கத்தும். கண்ணுக்கே தெரியாத ஆம்பளை பக்கத்துல வந்து நின்னா என்ற புள்ள என்னத்தைப் பார்த்து ஓடும்? அன்னில இருந்து எனக்குத் தூக்கம் போச்சு. தறி முன்னால நிக்கையில நாடா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓடறதைப் பார்த்துக்கிட்டே இருப்பேன், இந்நேரம் அவ எங்க இருக்கா, அவளுக்குப் பக்கத்துல யாரு நிக்கறாங்கன்னு நெனப்பு அங்கியே ஓடும்.

சும்மா விடலீங்க நாங்க. மொதல்ல மணி கட்டுனோம், ஆட்டுக்குக் கட்டற மணி, அவன் இடுப்புல. கையைத் தூக்கிக்கிட்டு நின்னு கட்டிக்கிட்டான். தறிச் சத்தத்துல எங்களுக்கே கேக்கல, புள்ளைங்களுக்கு எங்க கேக்கும். அப்புறம் செக்கச்செவேல்னு ஒரு சட்டை தெச்சுக் குடுத்தோம். கொடியில காயறப்ப அந்தச் சட்டை புள்ளைங்களுக்கு நல்லாத் தெரிஞ்சுது, அவன் எடுத்து மாட்டுன நிமிசம் சட்டையும் காணாமப் போயிருச்சாமா. கொடை புடிச்சா கொடையும் போச்சு. அவன் நடக்கற தடத்துல சுண்ணாம்பு போட்டுப் பார்த்தோம், கால்தடம் புள்ளைங்களுக்குத் தெரிஞ்சுது, ஆனா அவன் வந்துட்டுப் போன பொறகு தெரிஞ்சு என்ன பிரயோசனம்?

கடைசியில சென்னியப்பண்ணன்தான் வழி சொன்னாரு. சம்சாரம் செத்துப் போச்சு, மகளைக் கரூர்ல கட்டிக் குடுத்துட்டாரு. ஓடாத தறியை எல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுட்டு, குடோனைக் காலியா வெச்சிருந்தாரு. பெரிய குடோன், முன்னால இரும்பு கிரில் கேட்டு. பொழுதோட வெள்ளியங்கிரி ஸ்டேஷனுக்குக் கெளம்பி வெளிய காலு வெச்சா சென்னியப்பண்ணன் விசில் ஊதுவாரு. விசில் சத்தம் தறிச் சத்தத்தையும் கிழிச்சுக்கிட்டுக் கேக்கும். கேட்டதும் புள்ளைங்க எல்லாம் ஓடிப் போயி குடோனுக்குள்ள பூந்துக்கோணும், அவரு கேட்டைப் பூட்டிக்குவாரு. உள்ள டிவி இருக்குது, கேரம் போர்டு இருக்குது, பொரி வாங்கி வெச்சிருப்பாரு. ஊட்டுக்கு ஒரு பெரிய ஆளு மொறை வெச்சு வெள்ளியங்கிரி பின்னாலயே ஸ்டேஷனுக்குப் போயி, அவன் கையெழுத்துப் போட்டுட்டுத் திரும்பி வந்து கதவைச் சாத்துற வரைக்கும் கண்ணை எடுக்காமப் பார்த்துக்கோணும். அப்புறம் இன்னொரு விசில், புள்ளைங்க வெளிய வரலாம். மத்த நேரம் அவன் தொட்டிகிட்ட வந்து உக்காந்தா விசில் இல்லை, காவலுக்கு ஒரு ஆளு நிக்கும். சென்னியப்பண்ணன் நல்ல மனுசன்னு காலனியே சொல்லுச்சு. மாரியாத்தா நோம்பி சாட்டுனப்ப கோயில் முன்னால நிக்க வெச்சு அவருக்குப் பொன்னாடை போத்துனோம். அன்னிக்குக் கை தட்டுனதுல நானும் ஒருத்தி.

ஒரு வருசம் ஆச்சு. பாப்பாத்தி அக்கா மகள் சௌமியா, எங்களுக்குப் பக்கத்து ஊடு, வயசுக்கு வந்துட்டா. தென்ன ஓலையில குச்சுக் கட்டி உள்ள உட்கார வெச்சிருந்தோம். அவ ஓலைச் சந்து வழியாப் பார்த்துட்டு, "அத்தே, தொட்டிகிட்ட ஒரு நரைச்ச தாத்தா உக்காந்திருக்குது, யாரது?"ன்னு கேட்டா. நாங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். அப்பத்தான் எங்களுக்கு அந்தக் கணக்குப் புரிஞ்சுது, புள்ளையா இருக்கற வரைக்கும் அவன் தெரியறதில்லை, புள்ளைப்பருவம் முடிஞ்சுதுன்னா தெரியறான். பசங்களுக்கும் அப்படியே, கொரல் ஒடைஞ்சு மீசை அரும்பு விட்டுச்சுன்னா தெரிஞ்சுரும்.

அதுக்கப்புறம் அதையும் ஒரு சீராவே சேர்த்துக்கிட்டோம். தெரட்டிச் சீர்ல தண்ணி ஊத்தி, புதுச்சேலை கட்டி, மாமன் மாலை போட்ட பொறகு, அத்தைக்காரி புள்ளையக் கூட்டிக்கிட்டு வாசலுக்கு வந்து, "தெரியறானா?"ன்னு கேப்பா. புள்ள வெக்கப்பட்டுக்கிட்டு, "தெரியறான்"னு சொல்லும். எல்லாரும் சிரிப்போம், அப்பாடா, இனி இவ பார்த்து ஓடிக்குவான்னு அந்த ஆத்தாக்காரிக்கு அன்னிக்குத்தான் தூக்கம் வரும். போட்டோ புடிக்கற பையன் கூட, "அக்கா, அந்தத் தெரியறானா கேக்கற எடத்தை இன்னொருக்கா பண்ணுங்க"ம்பான். பயத்தை எவ்வளவு நாளுக்குத்தான் பயமாவே வெச்சிருக்க முடியும், எங்களுக்கு அது பழகிப் போச்சு. கொழாயடிக்குத் தண்ணி வரதும், அவன் வாசல் தாண்டறதும், விசில் ஊதறதும், புள்ளைங்க ஓடறதும் எல்லாம் ஒன்னாயிருச்சு.

எனக்கு மட்டும் கனியை நெனச்சாப் பயம் போகவே இல்லை. அவ சீக்கிரம் பெரியவளாகோணும்னு நான் சாமி கும்பிட்டேன்னா நம்புவீங்களா? எந்த ஆத்தாளாவது அப்படிக் கும்பிடுவாளா? நான் கும்பிட்டேன்.

போன தை மாசம் ஒரு காலையில அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். அவளுக்கு எட்டு வயசு. தொட்டிகிட்ட வெள்ளியங்கிரி வெயில் காய உக்காந்திருந்தான், பத்தடி தள்ளிக் காவலுக்கு ஆளும் நின்னுச்சு. நான் போனைப் பார்த்துக்கிட்டே நடந்தேன். கனி என்ற முந்தானையைப் புடிச்சு இழுத்து, சாதாரணமாச் சொன்னா, "இந்தப் பக்கம் வாம்மா, அந்தத் தாத்தா காலை மிதிச்சுருவ."

என்ற காலு ரெண்டும் அங்கியே நின்னு போச்சு. அவளைப் பள்ளிக்கூடம் தாட்டி விடாம நேரா ஊட்டுக்குத் திருப்பிக் கூட்டிக்கிட்டு வந்து, கதவைச் சாத்தி, துணியெல்லாம் பார்த்தேன், அவ இன்னும் பெரியவளாகல. பாப்பாத்தி அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"இப்பத்திப் புள்ளைங்க பிராய்லர் கோழி திங்குதுங்க, துளசி. எல்லாம் வெரசா ஆயிருது. இன்னைக்கோ நாளைக்கோ உக்காந்துருவா, பாரு. சீருக்கு ரெடி பண்ணு."

"எட்டு வயசுக்கா."

"எட்டுல ஆனதும் இருக்குது"ன்னுட்டு, அடுப்புல பாலு இருக்குதுன்னு எந்திரிச்சுப் போயிட்டா.

நான் கனியை மடியில வெச்சுக்கிட்டேன். "எப்ப இருந்து கண்ணு அந்தத் தாத்தா தெரியறாரு?"

"நோம்பிக்கு முந்தி."

"ஏன் சாமி அம்மாகிட்டச் சொல்லல?"

"சொன்னா என்னைக் குச்சுக்குள்ள உக்கார வெச்சுருவீங்க. பள்ளிக்கூடத்தை நிறுத்திப் போடுவீங்க. எல்லாருக்கும் தெரிஞ்சு சிரிப்பாங்க."

"அப்படின்னு யாரு சொன்னாங்க?"

செவுத்துப் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. நாங்க சிரிச்சுக்கிட்டுக் கொண்டாடுன சீரை எவனோ எடுத்து என்ற புள்ள வாய்க்குப் பூட்டாப் போட்டிருக்கான். புள்ளைப்பருவம் முடிஞ்சாத்தான் அவன் தெரிவான்னு எங்களுக்குத் தெரியும், அது வயசுக்கு வந்தாத்தான் முடியும்னு நாங்களா நெனச்சுக்கிட்டோம்.

மொத நெனப்பு வெள்ளியங்கிரி மேலதான் போச்சு. வேற யாரு மேல போகும்? தேங்காய் உரிக்கற கடப்பாறையை எடுத்துக்கிட்டு அவன் ஊட்டு வாசல்ல போயி நின்னேன், காவலுக்கு நின்ன ஆளைச் செத்த அக்கட்ட போகச் சொன்னேன். அவன் வெளிய வந்தான், கடப்பாறையைப் பார்த்தான், ஓடல.

"என்ற புள்ளைய என்னடா பண்ணுன?"

"ஒன்னும் பண்ணலீங்க அம்மிணி. வாசலைத் தாண்டுனா ஊரே பின்னால வருது. கக்கூசுக்குப் போனாக் கூட வெளிய ஒரு ஆளு நிக்குது. நான் எப்படிங்க?"

அது நெசந்தான். நாங்கதானே பார்த்துக்கிட்டு இருந்தோம், ரெண்டு வருசமா, ராப்பகலா, அவனை மட்டும்.

"அவ கண்ணுக்கு நீ தெரியற."

அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "உங்க புள்ள மட்டும் இல்லீங்க அம்மிணி. இன்னும் நாலஞ்சு புள்ளைங்க என்னைப் பார்க்குது. சின்னச் சின்னப் புள்ளைங்க. நான் உக்காந்திருந்தா சுத்திக்கிட்டுப் போகுது."

"தெரிஞ்சும் ஏன்டா யாருகிட்டயும் சொல்லல?"

அழ ஆரம்பிச்சுட்டான். "ஆத்தா என்னை மன்னிச்சுட்டான்னு நெனச்சனுங்க. ஒவ்வொரு புள்ளையாப் பார்க்கப் பார்க்க, இனி மெள்ள மெள்ள எல்லாப் புள்ளையும் பார்க்கும்னு நெனச்சேன். கற்பூரம் வாங்கிப் பத்த வெச்சனுங்க அம்மிணி."

அவன் அழுததைப் பார்த்து எனக்கு எரக்கம் வரல, இன்னிக்கு வரைக்கும் வரல. ஒரு புள்ளைக்குப் புள்ளைப்பருவம் என்னத்துல முடியும்னு இந்தக் காலனியில மத்த எவனை விடவும் அவனுக்குத்தான் தெரியும், அந்தப் பாவி அதைத் தனக்கு வந்த நல்லகாலம்னு நெனச்சுக் கற்பூரம் கொளுத்தியிருக்கான். கடப்பாறையைக் கீழ வெச்சுட்டுத் திரும்பி வந்தேன்.

அன்னிக்குப் பொழுதோட விசில் ஊதுச்சு. வீதியில அத்தனை புள்ளைங்களும் குடோனைப் பார்த்து ஓடுனாங்க. கனி ஓடல. தண்ணி டிரம்முக்குப் பின்னால போயி, காதை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டுக் குத்த வெச்சு உக்காந்துட்டா. நான் அவளையே பார்த்தேன். ரெண்டு வருசமா நான் வேலைக்குப் போயி விசில் சத்தம் கேட்டதும், அப்பாடா, புள்ள பத்திரமா உள்ள போயிட்டான்னு நிம்மதியா நூலை முடி போட்டுக்கிட்டு இருந்தேனே, அந்த நிம்மதியை நெனச்சா இப்பவும் என்னையே செருப்பால அடிச்சுக்கலாம்னு இருக்குது.

பாப்பாத்தி அக்காகிட்டத்தான் முதல்ல சொன்னேன். அவ என்ற வாயைக் கையால பொத்துனா. "பேரைச் சொல்லாத துளசி. பொன்னாடை போத்துன மனுசன். யாரு நம்புவா? கடைசியில உன்ற புள்ள பேருதான் கெட்டுப் போகும். அவளை உங்கம்மா ஊட்டுக்குத் தாட்டி விட்டுட்டுக் கம்முனு இரு." கம்முனு இருந்துட்டா மத்த புள்ளைங்க? வாயைத் தொறந்தா என்ற புள்ளைய இந்த வீதி எந்தக் கண்ணோட பார்க்கும்? வெடிய வெடிய அதையே நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, அவங்கவங்க புள்ள சொன்னாத்தான் நம்புவாங்க, அந்தப் புள்ளைங்க வாயைத்தான் அவன் பூட்டி வெச்சிருக்கான். ஆனா கண்ணைப் பூட்ட முடியாதில்ல.

அந்தச் சனிக்கிழமை மாசாந்திரக் கரண்ட் கட்டு. தறி எல்லாம் நின்னு போச்சு, உச்சி வெயில்ல காலனியே வெளிய வந்து வேப்பமரத்து நெழல்ல கெடந்துச்சு, புள்ளைங்க கோலி வெளையாடிக்கிட்டு இருந்தாங்க. சென்னியப்பண்ணன் குடோன் முன்னால பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு. நான் பொம்பளைங்ககிட்ட ஒவ்வொருத்தரா போயி ஒன்னே ஒன்னுதான் சொன்னேன். "இன்னைக்கு அவன் நடக்கையில அவனைப் பார்க்காதீங்க, உங்க புள்ள கண்ணைப் பாருங்க." ஏன்னு கேட்டாங்க. "பாருங்க"ன்னேன். அப்புறம் வெள்ளியங்கிரி ஊட்டுக் கதவைத் தட்டி, தொட்டில இருந்து கோயில் வரைக்கும் வீதி நடுவுல நடக்கச் சொன்னேன். "அடிச்சே கொன்னு போடுவாங்க அம்மிணி"ன்னான். "நட. நீ இந்த ஊருக்குப் பண்ணோணும்னா இது ஒன்னுதான் பாக்கி இருக்குது"ன்னேன்.

நடந்தான். தறிச் சத்தம் இல்லாததுனால அவன் செருப்புச் சத்தம் வீதி முழுக்கக் கேட்டுச்சு. எங்க ஊரு பொம்பளைங்க ரெண்டு வருசத்துல முதல் தடவையா அவன் மேல இருந்து கண்ணை எடுத்தோம், எடுத்துட்டு, அவங்கவங்க புள்ளைக்கு முன்னால குத்த வெச்சு, தாடையைத் தொட்டுக்கிட்டு, அந்தக் குட்டிக் கண்ணையே பார்த்தோம், தெரியக்கூடாது சாமி, தெரியக்கூடாதுன்னு ஒவ்வொருத்தியும் வாய்க்குள்ள சொல்லிக்கிட்டு. பாதிப் புள்ளைங்க கண்ணு கோலிக்குண்டு மேலயே இருந்துச்சு. பாதிப் புள்ளைங்க கண்ணு மெள்ள எந்திரிச்சுது. அவன் நடக்க நடக்க அதுங்க கூடவே திரும்புச்சு, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும். நாலஞ்சுன்னு சொன்னான் பாவி, நாலஞ்சு இல்லீங்க. ஒரு பொம்பளை மண்ணுல அப்படியே உக்காந்துட்டா.

சென்னியப்பன் பேப்பரைக் கீழ வெச்சுட்டு விசிலை வாயில வெச்சு ஊதுனான். ஊதிக்கிட்டே இருந்தான். கோலி வெளையாடுன புள்ளைங்க பழக்கத்துல குடோனைப் பார்த்து ஓட எந்திரிச்சாங்க, கண்ணு திரும்புன புள்ளைங்க அத்தனை பேரும் ஆத்தாளுங்க சேலைக்குள்ள போயிப் பூந்துக்கிட்டாங்க. நாங்க எட்டி எட்டி, கையில கெடைச்ச புள்ளைய எல்லாம் அள்ளிப் புடிச்சோம், நம்ம புள்ளையா அடுத்தவ புள்ளையான்னு பார்க்கல. ஒரு புள்ளையும் வரலைன்னு தெரிஞ்சதும் விசில் நின்னுச்சு. அவன் எங்களைப் பார்த்தான், உள்ள போனான், கேட்டை இழுத்து உள்பக்கமாப் பூட்டிக்கிட்டான். நான் போனை எடுத்து ஸ்டேஷனுக்குப் போட்டேன், புள்ள பேரு, என்ற பேரு, அவன் பேரு எல்லாத்தையும் வீதி கேக்கச் சொன்னேன். ஜீப்பு வர வரைக்கும் அந்த கிரில் முன்னால நின்னோம். அவனை யாரும் தொடல, எங்க ரெண்டு கையிலயும் புள்ளைங்க இருந்தாங்க. வெள்ளியங்கிரியை நிக்கச் சொல்ல யாருக்கும் தோணல, அவன் பாட்டுக்கு வெயில்ல கோயிலுக்கும் தொட்டிக்கும் நடந்துக்கிட்டே இருந்தான்.

எனக்குப் பக்கத்துல பாப்பாத்தி அக்கா. சௌமியாவுக்கு அப்புறம் ரொம்ப நாள் கழிச்சு அவளுக்குப் பொறந்த பையன் கிருத்திக், ஆறு வயசு, அவ இடுப்புல இருந்தான். அவன் கண்ணு வெள்ளியங்கிரி போற பக்கமெல்லாம் போயிக்கிட்டு இருந்துச்சு. பாப்பாத்தி அக்கா அவன் மூஞ்சியைத் தன் பக்கம் திருப்புவா, அது மறுபடியும் அங்கியே போகும், மறுபடியும் திருப்புவா. கனி என்ற கையை விட்டுட்டு அவங்ககிட்டப் போயி, எக்கி நின்னு, அந்தப் பையன் காலைத் தொட்டா.

"டேய், உனக்கும் தெரியுதா?"

அவன் அவளைக் குனிஞ்சு பார்த்துட்டு, ஆமான்னு தலையை ஆட்டுனான்.